கண்காணிப்புப் பதிவிகளுக்கான கட்டற்ற நிலைபொருள்

கண்காணிப்புப் பதிவிகளுக்கான கட்டற்ற நிலைபொருள் என்பது, உற்பத்தியாளரால் கைவிடப்பட்ட அல்லது தொடக்கம் முதலே பாதுகாப்புக் குறைகளுடன் விற்கப்பட்ட நிகழ்படக் கண்காணிப்புக் கருவிகளில், அவற்றுடன் வந்த மூடிய மென்பொருளை நீக்கிவிட்டு அதன் இடத்தில் நிறுவப்படும் திறந்த மூலநிரல் மென்பொருள் ஆகும். நிலைபொருள் என்பது கருவியின் நிலை நினைவகத்தில் எழுதப்பட்டு, மின்சாரம் வந்தவுடன் தானே இயங்கத் தொடங்கும் மென்பொருளைக் குறிக்கும். கணினியில் ஓர் இயங்குதளத்தை அகற்றி லினக்சை நிறுவுவதோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் கணினியில் அது அரைமணி நேர வேலை. இங்கே கருவியின் மூடியைக் கழற்றவும், கம்பிகளை இணைக்கவும், சில வேளைகளில் பற்றவைக்கவும் வேண்டியிருக்கும்.

இத்துறையில் இணையக் கேமராக்களுக்கான பணி நன்கு முன்னேறியுள்ளது. பல கேமராக்களின் நிகழ்படத்தை ஒரே இடத்தில் சேமிக்கும் பதிவிகளுக்கான பணி அந்த அளவுக்கு வளரவில்லை. அதற்கான காரணங்கள் கீழே விளக்கப்படுகின்றன.

பதிவியின் உள்ளமைப்பு

கடைகளில் ‘டிவிஆர் பெட்டி’ என்று அழைக்கப்படும் கருவி உண்மையில் ஒரு சிறு கணினியே. அதில் ஏ.ஆர்.எம். வகை முறைவழியாக்கி, நிகழ்படத்தை எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்கும் சுற்று, தொலைக்காட்சித் திரைக்கான இணைப்பு, வன்தட்டுக்கான இணைப்பு ஆகிய யாவும் ஒரே சில்லில் அடங்கியிருக்கும். அச்சுக்கம்பி வழியாக ஒப்புமைக் கேமராக்களை ஏற்பது டி.வி.ஆர். எனப்படும். வலையமைப்புக் கம்பி வழியாக இணையக் கேமராக்களை ஏற்பது என்.வி.ஆர். எனப்படும். முன்னதில், கேமராவிலிருந்து வரும் ஒப்புமைக் குறிகையை எண்ணிமமாக்கும் தனிச் சில்லு ஒன்றும் உண்டு. பின்னர் வரும் சிக்கல்களில் பாதிக்கு இச்சில்லே காரணம்.

இயங்குதளம் முழுவதும் பெரும்பாலும் 8 அல்லது 16 மெகாபைட் கொண்ட ஒரு ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று ஒளிப்படங்களின் அளவு அவ்வளவுதான். அதற்குள் யு-பூட் என்னும் தொடக்க ஏற்றி, லினக்ஸ் கருனி, பிசிபாக்ஸ் என்னும் கட்டளைத் தொகுப்பு, இவற்றுக்கு மேலே உற்பத்தியாளரின் மூடிய நிரல் ஆகியவை அடைக்கப்பட்டுள்ளன. முதல் மூன்றும் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வருபவை. எனவே இவற்றைக் கருவியில் வைத்து விற்பவர், கேட்பவருக்கு அவற்றின் மூலநிரலைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். நடைமுறையில் மலிவுவிலைப் பதிவிகளில் இக்கடமை அரிதாகவே நிறைவேற்றப்படுகிறது.

சீனாவின் சியோங்மாய் நிறுவனப் பலகைகளில் மேற்படி மூடிய நிரலின் பெயர் சோஃபியா. பதிவு செய்தல், திரையில் காட்டல், வலைப்பக்கம், கைப்பேசி இணைப்பு, கடவுச்சொல் சரிபார்ப்பு என அனைத்தையும் அந்த ஒரே நிரல் முதன்மைப் பயனரின் முழு அதிகாரத்துடன் செய்கிறது. அதில் ஓர் இடத்தில் வழு இருந்தாலும் கருவி முழுவதும் கைமாறிவிடும். அதை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம் என்றால், காவல் நேரங்காட்டி சிறிது நேரத்தில் கருவியையே மறுதொடக்கம் செய்துவிடும்.

கைவிடப்படும் விதம்

ஒரு பதிவி வாங்குபவரின் கைக்கு வருமுன் சில்லு செய்பவர், பலகை செய்பவர், தம் பெயரை ஒட்டி விற்பவர், ஊரில் வந்து பொருத்துபவர் என நான்கு கைகளைக் கடக்கிறது. ஒரே பலகை நூற்றுக்கும் மேற்பட்ட வணிகப் பெயர்களில் விற்கப்பட்டுள்ளது. வழு வெளிப்படும்போது அதைத் திருத்த வேண்டியவர் யார் என்பதில் தெளிவில்லை. பெயரை ஒட்டி விற்றவரிடம் மூலநிரல் இல்லை. பலகை செய்தவருக்கு வாங்கியவர் யாரென்று தெரியாது. பொருத்தியவர் அடுத்த ஊரில் வேறு வேலையில் இருப்பார்.

ஹைசிலிக்கன் நிறுவனத்தின் சில்லுகள் ஒரு காலத்தில் இச்சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தன. அதன் தாய் நிறுவனமான ஹுவாவே மீது ஐக்கிய அமெரிக்கா 2019-இலும் 2020-இலும் விதித்த தடைகளுக்குப் பின் அச்சில்லுகளின் வரத்து சுருங்கியது. உற்பத்தியாளர்கள் சிக்மாஸ்டார், கோக், இஞ்செனிக், நோவாடெக் முதலியவற்றின் சில்லுகளுக்கு மாறினர். பழைய பலகைகளுக்கு இற்றைப்படுத்தல் எழுதுவதற்கு இருந்த சிறு வணிகக் காரணமும் அத்துடன் போயிற்று.

இன்னொரு வகைக் கைவிடலும் உண்டு. பழைய பதிவிகள் பலவற்றின் வலைப்பக்கம் ஆக்டிவ்எக்ஸ் என்னும் செருகுநிரல் இருந்தால்தான் திறக்கும். அது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் மட்டுமே இயங்கும். அவ்வுலாவியின் மேசைக்கணினிப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று பெரும்பாலான விண்டோசு 10 பதிப்புகளில் முடித்துக்கொண்டது. நன்றாக இயங்கும் பதிவியின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்காகவே, இற்றைப்படுத்தப்படாத ஒரு பழைய கணினியைப் பேண வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. ஒரு பாதுகாப்பற்ற கருவியைப் பார்க்க மற்றொரு பாதுகாப்பற்ற கருவி!

வெளிப்பட்ட ஓட்டைகள்

இச்சிக்கலை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது மிராய் என்னும் தீநிரல் ஆகும். இது டெல்நெட் துறை திறந்திருக்கும் கருவிகளை இணையமெங்கும் தேடி, தன்னிடமுள்ள அறுபதுக்கும் மேற்பட்ட ஆலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று உள்ளே நுழைந்தது. 2016 செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்னும் பாதுகாப்பு இதழாளரின் தளம் நொடிக்கு 620 கிகாபிட் அளவிலான தாக்குதலுக்கு உள்ளானது. 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்னும் களப்பெயர்ச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டு, டுவிட்டர், ஸ்பாட்டிஃபை, ரெட்டிட் உள்ளிட்ட தளங்கள் பல மணிநேரம் தடைபட்டன. தாக்கிய கருவிகளில் பெரும்பகுதி கேமராக்களும் பதிவிகளும்தான். மிராய் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வாழ்வதால், கருவியை அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் கடவுச்சொல் நிலைபொருளிலேயே பதிக்கப்பட்டு, மாற்ற வழியில்லாமல் இருந்தால், சில நிமிடங்களில் மீண்டும் தொற்றிக்கொள்ளும். பயனர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயனில்லை என்ற நிலை இது. நிலைபொருளையே மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

2018 அக்டோபரில் ஆஸ்திரியாவின் செக் கன்சல்ட் நிறுவனம், சியோங்மாய் கருவிகளின் மேகச் சேவையில் இருந்த குறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண், அதன் வலையமைப்பு அட்டையின் முகவரியிலிருந்து கணக்கிடப்பட்டிருந்தது. எனவே ஒன்றிலிருந்து அடுத்ததை ஊகிக்க முடிந்தது. நிருவாகியின் கடவுச்சொல் ஆலையிலிருந்து வரும்போது வெறுமையாக இருந்தது. இதற்கு மேல், கையேட்டில் சொல்லப்படாத மற்றொரு பயனர் கணக்கும் இருந்தது. ‘டிஃபால்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் அதன் பெயர், அச்சொல்லை வலமிருந்து இடமாக எழுதினால் வருவது அதன் கடவுச்சொல். அந்நிறுவனம் இக்கருவிகளைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடுமாறு அறிவுறுத்தியது.

2020 பிப்ரவரியில் வேறொரு பின்வாசல் வெளியானது. ஹைசிலிக்கன் சில்லுள்ள பல பதிவிகளில் 9530 என்னும் துறைக்குக் குறிப்பிட்ட சில செய்திகளை அனுப்பினால், மூடியிருந்த டெல்நெட் திறந்துகொண்டது. இது சில்லில் உள்ள குறையன்று, பலகை செய்தவரின் மென்பொருளில் உள்ளது என்று ஹுவாவே விளக்கம் அளித்தது. முன்பு எப்போதும் திறந்திருந்த டெல்நெட்டை மூடுமாறு வற்புறுத்தப்பட்ட பிறகு, பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை மிதியடியின் கீழ் வைத்ததற்கு ஒப்பானது இது.

பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. ஹிக்விஷன் கருவிகளில் கடவுச்சொல் இன்றியே கட்டளைகளை இயக்கவல்ல ஓட்டை 2021 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அதன் கடுமை 10-க்கு 9.8 என மதிப்பிடப்பட்டது. அந்நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். திருத்தம் வெளிவருவது வேறு, சுவரில் மாட்டிய பெட்டிக்குள் அது போய்ச் சேர்வது வேறு.

இவற்றின் விளைவு தொலைவில் உள்ள வலைத்தளங்களோடு நிற்பதில்லை. 2025 பிப்ரவரியில் குசராத்தின் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையில், பெண்கள் பரிசோதிக்கப்படும் அறையின் கண்காணிப்புப் பதிவுகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளியாகி விற்கப்பட்டது தெரியவந்து, காவல்துறை பலரைக் கைது செய்தது. அத்தகைய அறையில் கேமரா இருந்ததே முதற்பிழை. ஆயினும் கருவியின் பாதுகாப்பு சரியாக இருந்திருந்தால் அப்பிழை ஊரறிய விற்பனைக்கு வந்திருக்காது.

முன்னோடி முயற்சி: திசைவிகள்

மாற்று நிலைபொருள் என்ற கருத்து கேமராக்களுக்கு முன்பே கம்பியில்லாத் திசைவிகளில் வெற்றி கண்டது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்னும் திசைவியில் லினக்ஸ் கருனி இருப்பது 2003-இல் கண்டறியப்பட்டது. உரிமத்தைக் காட்டி ஆர்வலர்கள் கேட்டதன் பேரில் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதனடிப்படையில் 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான திசைவி வகைகளில் அது இயங்குகிறது. தயாரித்தவர் மறந்துபோன திசைவிகளுக்குக்கூட அதன் வழியாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. உரிமத்தின் ஒரு விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கேமராக்களில்: ஓப்பன்ஐபிசி

இணையக் கேமராக்களுக்கான மாற்று நிலைபொருள்களுள் பரவலாக அறியப்பட்டது ஓப்பன்ஐபிசி ஆகும். பில்ட்ரூட் என்னும் கருவித்தொகுப்பைக் கொண்டு உருவாக்கப்படும் இது, ஹைசிலிக்கன், கோக், சிக்மாஸ்டார், இஞ்செனிக் முதலிய சில்லுகளில் இயங்குகிறது. கருவியில் எந்தச் சில்லு, எந்த ஒளியுணரி உள்ளது என்று கண்டறியும் துணைநிரலும் இத்திட்டத்தில் உண்டு. இஞ்செனிக் சில்லுகளுக்கு மட்டுமெனத் திஞ்சினோ என்னும் தனித் திட்டமும் நடைபெறுகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். ஓப்பன்ஐபிசியில் நிகழ்படத்தை ஓடைப்படுத்தும் மெஜஸ்டிக் என்னும் முதன்மை நிரல் நெடுங்காலம் மூடிய நிரலாகவே வழங்கப்பட்டு வந்தது. சில்லு நிறுவனம் கொடுத்த கருனிக்கூறுகளும் மூடியவையே. எனவே ‘கட்டற்ற நிலைபொருள்’ என்று பொதுவாகச் சொல்லும்போது, முழுவதும் கட்டற்றது என்று எவரும் எண்ணிவிடலாகாது. டெல்நெட் பின்வாசலும் மேகச் சேவையும் நீக்கப்பட்டு, எது இயங்குகிறது என்று பயனர் காணக்கூடிய நிலை வருகிறது. அது சிறிய ஆதாயமன்று.

பதிவிகளில் ஏன் கடினம்

முதல் தடை கருனி. ஹை3520டி போன்ற பழைய பதிவிச் சில்லுகளுக்கு உற்பத்தியாளர் அளித்த மென்பொருள் தொகுப்பு லினக்ஸ் 3.0.8 பதிப்புக்கு எழுதப்பட்டது. 3.0 வரிசை 2011-இல் வெளிவந்து, 2013-இல் பராமரிப்பு நிறுத்தப்பட்டது. நிகழ்படத்தைச் சுருக்கும் சுற்றை இயக்கும் கூறுகள் இருமநிரலாக மட்டுமே கிடைக்கின்றன. அவை வேறு கருனிப் பதிப்பில் ஏறா. ஆகவே மேலே உள்ள நிரல்கள் அனைத்தையும் புதிதாக எழுதினாலும் அடியில் இருப்பது அதே பழைய கருனிதான். வீட்டின் கதவு சன்னல்களை மாற்றலாம். அடித்தளத்தை மாற்ற முடியவில்லை.

இரண்டாவது, ஒப்புமைக் குறிகையை ஏற்கும் சில்லு. நெக்ஸ்ட்சிப், டெக்பாயிண்ட் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. ஒவ்வொரு பலகையிலும் இச்சில்லு முறைவழியாக்கியோடு இணைக்கப்பட்டுள்ள விதம் மாறுபடும். முழுமையான தரவேடுகள் பொதுவில் கிடைப்பதில்லை. ஒரே பெயரில், ஒரே பெட்டியில், ஆறு மாத இடைவெளியில் வாங்கிய இரண்டு பதிவிகளில் வேறு வேறு சில்லுகள் இருக்கக்கூடும்.

மூன்றாவது, எதிர்பார்ப்பு. கேமராவிடமிருந்து ஓர் ஓடை வந்தால் போதும். பதிவியிடமோ திரையில் நான்கு அல்லது எட்டுப் படங்கள், சுட்டியால் இயக்கும் பட்டியல்கள், தேதி வாரியாகத் தேடல், வன்தட்டு மேலாண்மை அனைத்தும் எதிர்பார்க்கப்படுகின்றன. இவற்றை ஒருசில நூறு மெகாபைட் நினைவகத்தில், அதிலும் பெரும்பங்கை நிகழ்படச் சுற்று எடுத்துக்கொண்ட பின் எஞ்சும் இடத்தில் எழுத வேண்டும். இவ்வளவு உழைப்பும் ஒரே ஒரு பலகைக்குத்தான் உதவும் என்றால் தன்னார்வலர்கள் தயங்குவது இயல்பே.

உருவாக்கும் முறை

பணி எப்போதும் பெட்டியைத் திறந்து, சில்லுகளின் மேல் அச்சிட்டுள்ள எண்களைக் குறித்துக்கொள்வதில் தொடங்குகிறது. பின்னர் பலகையில் தொடர்நிலைத் துறையின் மூன்று புள்ளிகளை (அனுப்பல், பெறல், நிலம்) கண்டறிந்து, 3.3 வோல்ட்டில் இயங்கும் யு.எஸ்.பி. மாற்றியால் கணினியுடன் இணைக்க வேண்டும். வேகம் பெரும்பாலும் நொடிக்கு 115200 பிட். மின்வழங்கலுக்குரிய நான்காவது புள்ளி அருகிலேயே இருக்கும். பதிவிக்குத் தன் மின்சாரம் உள்ளதால் அதை இணைக்கக் கூடாது. கருவி தொடங்கும் முதல் ஒன்றிரண்டு நொடிகளில் விசையை அழுத்தினால் யு-பூட் கட்டளைநிலைக்கு வரும். சில பலகைகளில் இதுவும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும்.

அடுத்து, வேறு எதையும் செய்யுமுன், ஃபிளாஷ் நினைவகம் முழுவதையும் படியெடுக்க வேண்டும். யு-பூட்டிலிருந்தே நினைவகத்தைப் படித்து, வலையமைப்பு வழியாகக் கணினிக்கு அனுப்பலாம். அது முடியாதபோது எட்டுக்கால் கவ்வியும் சிஎச்341ஏ என்னும் மலிவான எழுதியும் பயன்படுகின்றன. அவ்வெழுதியின் பரவலான கறுப்புநிறப் பலகை, தரவுக் கம்பிகளில் 3.3-க்குப் பதில் 5 வோல்ட் கொடுக்கும் என்பது அறியப்பட்ட குறை. திருத்தாமல் பயன்படுத்தினால் சில்லு பழுதாகலாம். இருமுறை படியெடுத்து, இரண்டும் ஒன்றே என்று சரிபார்ப்பது நல்லது. மாற்று நிலைபொருளில் தோல்வியுற்றுக் கருவியை இழந்தவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தவிர்த்தவர்களே.

கிடைத்த படியைப் பின்வாக் போன்ற நிரலால் பிரித்தால் தொடக்க ஏற்றி, கருனி, சுருக்கப்பட்ட கோப்பு முறைமை ஆகியவற்றின் எல்லைகள் தெரியவரும். மூடிய கருனிக்கூறுகளை அதிலிருந்தே எடுத்து, பில்ட்ரூட்டில் அமைத்த புதிய கோப்பு முறைமையில் சேர்ப்பதுண்டு. இதற்கு உரிம அனுமதி தெளிவாக இல்லை. ஆகவே திட்டங்கள் பலவும் இக்கூறுகளைத் தம் களஞ்சியத்தில் வைப்பதில் தயக்கம் காட்டுகின்றன. புதிய நிலைபொருளை முதலில் ஃபிளாஷில் எழுதாமல், தற்காலிக நினைவகத்தில் ஏற்றி இயக்கிப் பார்ப்பதே முறை. தவறினால் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

வன்தட்டைப் பற்றியும் ஒரு சொல். பல பதிவிகள் தமக்கே உரிய மூடிய கோப்பு முறைமையில் எழுதுகின்றன. நிலைபொருள் மாறியதும் பழைய பதிவுகளைப் படிக்க இயலாது. வேண்டியவற்றை முன்னரே எடுத்துவைக்க வேண்டும்.

இந்த ஆய்வுகள் அனைத்தும் தமக்குச் சொந்தமான கருவியில் மட்டுமே செய்யத்தக்கவை. பிறருடைய பதிவியில் அனுமதியின்றி நுழைவது, ‘ஓட்டையைச் சுட்டிக்காட்டவே செய்தேன்’ என்றாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43, 66 ஆகிய பிரிவுகளின் கீழ் வரும்.

இடைவழி

நிலைபொருளை மாற்ற முடியாத பதிவிகளே மிகுதி என்பதால், நடைமுறையில் வேறொரு வழி பெரிதும் பின்பற்றப்படுகிறது. பதிவியை இணையத்திலிருந்து முற்றிலும் துண்டித்து, ஒப்புமைக் குறிகையை எண்ணிம ஓடையாக மாற்றும் பெட்டியாக மட்டும் வைத்துக்கொள்வது அது. ஓப்பன்டபிள்யூஆர்டி நிறுவிய திசைவியில் பதிவிக்குத் தனி வலையமைப்புப் பிரிவை அமைத்து, வெளியே செல்லும் வழியை அடைக்க வேண்டும். உள்ளிருக்கும் ஒரு பழைய கணினி, ஓடைகளைப் பெற்றுத் தன் வன்தட்டில் பதியும். இதற்கு 2002 முதல் வளர்ந்துவரும் சோன்மைண்டர், அண்மைக் காலத்தில் புகழ்பெற்ற ஃபிரிகேட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு போன்ற மறையீடு செய்த தடம் வழியாகப் பார்க்கலாம்.

தேவைப்படும் இடத்தைக் கணக்கிடுவது எளிது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 கிகாபைட் ஆகும். நான்கு கேமராக்களுக்கு 86.4 கிகாபைட். 1 டெராபைட் வன்தட்டில் ஏறத்தாழ 11 நாட்கள் கிடைக்கும்.

தருமபுரி போன்ற மாவட்டங்களில்

தருமபுரி பட்டுக்கூடு சந்தையிலும் பாலக்கோட்டின் தக்காளி மண்டிகளிலும் அரூர், பென்னாகரம் கடைவீதிகளிலும் நடப்பது போன்ற சிறு வணிகத்தில், பதிவி என்பது ஒருமுறை வாங்கி, பழுதாகும் வரை மாற்றாத பொருள். இங்குள்ள இணைப்புகள் பெரும்பாலும் கைப்பேசி வலையமைப்போ உள்ளூர் வழங்குநரின் ஒளியிழையோ ஆகும். இத்தகைய இணைப்புகளில் வாடிக்கையாளர் பலருக்குச் சேர்த்து ஒரே பொது இணைய முகவரி கொடுக்கப்படுவதால், வெளியிலிருந்து எவரும் நேரே பதிவியை எட்ட முடியாது. இது ஒருவகையில் பாதுகாப்புதான். ஆனால் அதே காரணத்தால், கடைக்காரர் தம் கைப்பேசியில் கடையைப் பார்க்க வேண்டுமானால் உற்பத்தியாளரின் மேகச் சேவையைத் தவிர வேறு எளிய வழியில்லை. 2018-இல் வெளியான குறைகள் இருந்தது சரியாக அவ்வழியில்தான். நகரத்தில் நிலையான முகவரி வைத்திருப்பவரின் ஆபத்தும் இங்குள்ளவரின் ஆபத்தும் இவ்வாறு வேறுபடுகின்றன. ஒருவருக்குச் சொல்லும் அறிவுரை மற்றவருக்கு உதவாது. மேற்சொன்ன மறையீட்டுத் தடத்தை அமைக்க, பொது முகவரி கொண்ட வாடகை வழங்கி ஒன்று இடையில் தேவைப்படும். மாதச் செலவு சிறிது உண்டு. ஒரே தெருவிலுள்ள சில கடைகள் அதைப் பகிர்ந்துகொள்வது இயலாத காரியமன்று.

மின்தடையும் ஒரு காரணி. பலகையிலுள்ள நாணய மின்கலம் தீர்ந்த பதிவி, ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் 1970 அல்லது 2000-ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடும். இணையத்திலிருந்து துண்டித்த பதிவிக்கு நேரம் சொல்வாரும் இல்லை. ஆகவே திசைவியிலேயே ஒரு நேர வழங்கியை இயக்கி, பதிவி அதனிடம் நேரம் கேட்குமாறு அமைக்க வேண்டும். மின்கலத்தின் விலை ஒரு தேநீரும் வடையும் வாங்கும் விலைக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் அது மாற்றப்படாமல் கிடப்பதே வழக்கம்.

மூலநிரல் திறந்திருந்தால் இடைமுகத்தைத் தமிழில் தருவதற்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் எச்சரிக்கை புரியும் மொழியில் இருந்தால் அதை மாற்றுவோரின் எண்ணிக்கை கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

இந்திய அரசின் விதிகள்

அரசு நிறுவனங்களில் உள்ள கேமராக்களில் ஏறத்தாழ 10 இலட்சம் சீன நிறுவனங்களுடையவை என்று 2021-இல் மக்களவையில் தெரிவிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கண்காணிப்புக் கேமராக்களுக்கான இன்றியமையாப் பாதுகாப்புத் தேவைகளை அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் இவை நடைமுறைக்கு வந்தன. பிழைதிருத்தத் துறைகள் மூடப்பட்டோ வலுவான கடவுச்சொல்லுடனோ இருக்க வேண்டும், தொடங்கும்போது நிலைபொருளின் கையொப்பம் சரிபார்க்கப்பட வேண்டும் என்பன இவற்றுள் அடங்கும்.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும் ஒரு முரண் உள்ளது. தொடர்நிலைத் துறையை மூடி, கையொப்பமில்லாத நிலைபொருளை மறுக்கும் கருவியில், திருடன் நுழைய முடியாதது போலவே உரிமையாளரும் மாற்று நிலைபொருளை நிறுவ முடியாது. தயாரித்தவர் இற்றைப்படுத்தல் தருகின்ற வரை இது நன்மை. அவர் நிறுத்திய மறுநாளிலிருந்து, பூட்டிய ஓட்டைகளுடன் அக்கருவி முடங்கிவிடும். ஆதரவு முடியும் நாளில் கையொப்பச் சாவியை வெளியிடவோ, உரிமையாளர் தம் சாவியைப் பதிக்க வழிவிடவோ வேண்டும் என்று விதியில் சேர்ப்பது இச்சிக்கலைத் தீர்க்கும். விதிகள் புதியனவாக விற்கப்படும் கருவிகளைப் பற்றியவை என்பதால், ஏற்கெனவே சுவரில் உள்ளவற்றின் நிலை மாறவில்லை.

சான்றாகப் பயன்படும்போது

பதிவியின் அமைப்பு யார் கையில் உள்ளது என்பது நீதியோடும் தொடர்புடையது. 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், காவல் நிலையத்தின் வன்தட்டில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத் தெரிவித்தார். அங்கே தேவைப்பட்டது உயர்ந்த தொழில்நுட்பம் அன்று. அமைப்பை மாற்றியது யார், எப்போது என்று அழிக்க இயலாதபடி குறித்துவைக்கும் ஒரு பதிவேடு. மூடிய நிலைபொருளில் அப்படியொன்று இருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமராக்கள் பொருத்தி, பதிவுகளை 18 மாதங்களும், அத்தகைய கருவி கிடைக்காவிடில் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க ஆணையிட்டது. மேலே கண்ட கணக்கின்படி நான்கு கேமராக்களுக்கு 18 மாதங்களுக்கு ஏறத்தாழ 47 டெராபைட் வேண்டும். எச்.265 முறையில் இது பாதியளவாகக் குறையக்கூடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் ஒன்றையும் கோருகிறது. அதன் படிவத்தில் கோப்பின் சுருக்கமதிப்பைக் குறிக்க வேண்டும். நிலைபொருளை மாற்றிய பதிவியிலிருந்து எடுத்த நிகழ்படத்தை எதிர்தரப்பு கேள்விக்குட்படுத்தலாம். அதற்கு விடையாக, மாற்றிய நாள், பதிப்பு எண், நிலைபொருள் கோப்பின் சுருக்கமதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுப் பெட்டியினுள்ளேயே வைத்துவிடுவது எளிய வழக்கம். எதற்கும் ஒரு படி கணக்குப் புத்தகத்திலும் இருக்கட்டும்.